தெரிந்த பயனாளி யாரும் இல்லை

ஒரு கருவியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயரைச் சொல்ல வேண்டும். குழுவை நடத்தும் கர்டிஸ் வைத்த சட்டம் அது.

டுலூத்தில், ஏரியைப் பார்த்து நிற்கும் பழைய செங்கல் கிடங்கின் மேல்மாடியில் அவர்கள் கெர்னல் கட்டினார்கள். கணினியைப் போட்டதும் முதலில் விழித்து, தன்னோடு எந்தெந்தக் கருவி இணைந்திருக்கிறது என்று பார்ப்பது கெர்னல். அதற்குத் தெரியாத கருவி வெறும் இரும்பு. ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் ஆயிரக்கணக்கான கருவிகளுக்கு மூன்றில் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். உள்ளே, தனியே, வெளியே. உள்ளே என்றால் கெர்னலோடு சேர்த்துக் கட்டுவது. தனியே என்றால் பக்கத்தில் வைத்திருந்து, கேட்டால் எடுத்துக் கொடுப்பது. வெளியே என்றால் வெளியே.

கர்டிஸ் வாசிப்பான். டுவேனும் மார்லிஸும் பதில் சொல்வார்கள். மேசை நடுவில் டோனட் பெட்டி திறந்திருக்கும். ஜெல்லி வைத்தவற்றை கர்டிஸ் முன்பே எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொள்வான்.

"காந்த நாடாப் பெட்டி. எண்பதுகளோட சரக்கு," என்றான் கர்டிஸ்.

"வெளியே," என்றான் டுவேன்.

"பேரு யாரும் இல்லையா?"

"வச்சிருந்தவன் கடையை மூடிட்டான்."

"நல்ல மனுஷன். அடுத்து, கையெழுத்துப் பலகை."

"தனியே. டகோட்டாவுல ஒரு கோர்ட் குமாஸ்தா வச்சிருக்காங்க. பேரு பெவர்லி."

"பெவர்லி உயிரோட இருக்காளா?"

"போன வாரம் கூட என்னைத் திட்டினாங்க."

"அப்ப இருக்கா. தனியே."

போன வெளியீட்டின்போது டுவேன் ஹிப்பிங்கில் இருந்த ஒரு கிழவரின் பெயரைச் சொன்னான். அவரிடம் ஒரு பழைய வானொலி அட்டை இருந்தது. கர்டிஸ் கூட்டத்திலேயே தொலைபேசியை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டான். கிழவரின் மனைவி எடுத்தாள். அவர் நன்றித் திருநாளுக்கு முன்பே போய்விட்டார் என்றாள். அந்த வானொலியை யாராவது வந்து எடுத்துக்கொள்ள முடியுமா, அறையை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று கேட்டாள். "இல்லைங்கம்மா, ஒரு விஷயம் உறுதி பண்ணிக்கத்தான் கூப்பிட்டேன்" என்று கர்டிஸ் வைத்தான். வெளியே என்று தட்டினான். டுவேன் சிரித்தான். மார்லிஸும் சிரித்தாள்.

"கெர்னல் என்ன அனாதை ஆசிரமமா?" என்பான் கர்டிஸ். "ஒவ்வொண்ணும் எடை. ஒவ்வொண்ணுக்கும் ஒருத்தன் காவல் நிக்கணும்."

அதுவும் சட்டத்தின் பகுதி. பெயர் சொன்னவன்தான் அந்தக் கருவிக்குக் காவல். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அந்தப் பெயரைக் கூப்பிட்டு, வேலை செய்கிறதா என்று கேட்டு, கையெழுத்துப் போட வேண்டும். பெயர் இல்லாத கருவியை எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகு எவன் கத்துகிறான் என்று காத்திருக்க வேண்டும். ஒருவரும் கத்தவில்லை என்றால் அதற்கான நிரலையே அழித்துவிடலாம். கத்தல் சோதனை என்று இதற்குப் பெயர். கர்டிஸ் கண்டுபிடித்ததில்லை. இந்தத் தொழில் நடக்கும் இடமெல்லாம் உண்டு. கர்டிஸ் அதை ரசித்தான், அவ்வளவுதான்.

"பேசும் பெட்டி," என்றான் கர்டிஸ்.

திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் பெட்டி அது. கண் தெரியாதவர்கள் வைத்திருப்பது. கர்டிஸின் விரல் அதற்குள் 'உள்ளே' பக்கம் போயிருந்தது. இந்தக் கருவிக்கு மார்லிஸ் எப்போதும் ஒரே பெயரைத்தான் சொல்வாள்.

மார்லிஸ் சொல்லவில்லை.

"அம்மா தாயே, உங்களத்தான். பேரு."

"வெளியே," என்றாள் மார்லிஸ்.

டுவேன் நிமிர்ந்தான். "ஆரின் இருக்கானே?"

"எந்த ஆரின்?"

"உன் ஆரின்."

"எனக்குன்னு ஆரின் யாரும் இல்ல. விவாகரத்துப் பத்திரம் வேணும்னா நகல் எடுத்துத் தரேன்."

கர்டிஸ் விரலை எடுத்தான். டோனட்டைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"சரி டுவேன், அப்ப நீ சொல்லு. சொல்லுடா. சொன்னா உன் தலையில. வருஷத்துக்கு ரெண்டு தடவை நீதான் அவனைக் கூப்பிடணும்."

டுவேன் காப்பிக் கோப்பையைத் திருப்பினான். "எனக்கு வேண்டாம்ப்பா. அச்சு இயந்திரமெல்லாம் ஏற்கெனவே என் தலையில. பெவர்லி வேற." பிறகு சொன்னான். "ஆனா ஒண்ணு. இதை எடுத்துட்டா அவன் எப்படிக் கத்துவான்? அவனுக்கு வாயே அந்தப் பெட்டிதானே?"

கர்டிஸ் வயிறு குலுங்கச் சிரித்தான். "அதுதாண்டா அழகு."

சிரித்து முடித்து மார்லிஸைப் பார்த்தான். "கடைசியா கேக்கறேன். தெரிஞ்சவங்க?"

"யாரும் இல்ல."

"எழுதிடு."

ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுத வேண்டும். ஒரு வரி போதும். கீழே பெயர். உலகில் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். மார்லிஸ் தன் மேசைக்குப் போய் எழுதினாள்.

பேசும் பெட்டிக்கான ஆதரவு நீக்கப்படுகிறது. தெரிந்த பயனாளி யாரும் இல்லை. மார்லிஸ் ட்வெய்ட்.

ஒரு முறை படித்துப் பார்த்தாள். அனுப்பினாள்.

*

ஆரினின் கண்களைச் சர்க்கரை தின்றது. முதலில் இடது, பிறகு வலது. அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி அதிக காலம் ஆகியிருக்கவில்லை.

மார்லிஸ் படித்துக் காட்டினாள். செய்தித்தாள், தபால், நிரல், மருந்துச் சீட்டு, வசந்தத்துக்கு முன் வரும் விதைப் பட்டியல். வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்பே படிக்க ஆரம்பிப்பாள். ஆரின் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பான். அவளுக்கு அது பிடித்திருந்தது. அவனுக்குள் போகும் எல்லாம் அவள் வாய் வழியாகப் போயிற்று.

பிறகு பெட்டி வந்தது. சாம்பல் நிறம். ரொட்டி அளவு. பின்னால் ஒரு தடித்த கம்பி, முன்னால் ஒரு பச்சை விளக்கு. சளி பிடித்த ஆணின் குரல். அன்று முழுக்க ஆரின் அதன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனான். மார்லிஸின் காதில் அது ஜன்னலில் மாட்டிய ஈயைப் போலக் கேட்டது. ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆரின் நடுவில் சிரித்தான். எதற்குச் சிரித்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் படிச்சா என்ன குறை?" என்று கேட்டாள்.

"நீ படிச்சா உன் அபிப்பிராயமும் சேர்ந்து வருது. மூச்சு விடறதுலயே தெரியுது. பெட்டிக்கு அபிப்பிராயம் கிடையாது."

பெட்டி முதலில் பாதி வழியில்தான் பேச ஆரம்பிக்கும். கணினி விழித்து வெகு நேரம் கழித்து. அதற்கு முன் ஏதாவது தவறு நடந்தால் ஆரினுக்குத் தெரியாது. பெட்டியை கெர்னலுக்குள்ளேயே கொண்டுவந்தவள் மார்லிஸ். முதல் நொடியிலிருந்தே பேசும்படி அவளே நிரல் எழுதினாள். ஒரு குளிர்காலம் முழுக்க எழுதினாள். அது அவன் பிறந்தநாள் பரிசு.

அதன் பிறகு ஆரினுக்கு அவளிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. ஒரு நாள் பெட்டியையும் கோட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். டூ ஹார்பர்ஸ் ஊரைத் தாண்டி, காட்டுக்குள், அவன் அப்பா விட்டுப்போன மரவீடு ஒன்று இருந்தது.

வெளியீடு வரும்போதெல்லாம் மார்லிஸ் அவனைக் கூப்பிட வேண்டியிருந்தது. காவல் அவள்தானே. அவன் எடுப்பான். ஹலோ சொல்லமாட்டான். விசைகளைத் தட்டும் சத்தம் கேட்கும். பிறகு ரிசீவரைப் பெட்டியின் அருகே பிடிப்பான்.

"வேலை செய்கிறது," என்று பெட்டி சொல்லும்.

வைத்துவிடுவான்.

ஒருமுறை அவள் "ஆரின், நல்லாருக்கியா?" என்று கேட்டாள். தட்டும் சத்தம். "வேலை செய்கிறது," என்றது பெட்டி. ஒவ்வொரு முறையும் அதே சளிக் குரல். ஆரினின் சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்பது அவளுக்கு மறக்க ஆரம்பித்திருந்தது.

ஜனவரியில், கூட்டுறவுக் கடையில், ஆரினின் அக்கா லெனோர் காட்டரிசி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"தெற்கே கண் தெரியாத பசங்க ஸ்கூல்ல வேலைக்குப் போட்டிருக்கான்," என்றாள் லெனோர். "நேர்ல போய்ப் பேசிட்டும் வந்துட்டான். கிடைச்சா அடுத்த மாசக் கடைசிக்குள்ள போயிடுவான். உன்கிட்ட சொன்னானா?"

"சொன்னான்," என்றாள் மார்லிஸ்.

"அது ஒண்ணுதான் இப்ப அவன் நினைப்பு. பசங்களுக்குச் சொல்லித் தரணுமாம். ராத்திரி சாப்பிடறப்பகூட அதே பேச்சு. இத்தனை வருஷத்துல நான் அவனை இப்படிப் பார்த்ததில்ல."

"நல்லது."

"ஆமா," என்றாள் லெனோர். பையின் வாயை முறுக்கிக் கட்டினாள். "உனக்கும் நல்லதுதானே? இனிமே நீ கூப்பிட வேண்டாம்."

கூட்டம் அதற்கு அடுத்த வாரம் நடந்தது.

அவன் கத்த வேண்டும். மார்லிஸுக்கு வேண்டியது அதுதான். சொந்த வாயால், தொலைபேசியில், அவள் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். மார்லிஸ், பெட்டி பேசமாட்டேங்குது, வா. அவ்வளவு போதும். உடனே போய்ச் சரிசெய்துவிடுவாள். சரிசெய்யும் வட்டை, காரணம் எழுதிய அன்றே தயார் செய்து கைப்பையில் போட்டுவைத்திருந்தாள்.

*

வெளியீடு போயிற்று. கத்தல்கள் வர ஆரம்பித்தன. கர்டிஸ் அவற்றை நின்றுகொண்டு வாசித்தான்.

வின்னிபெக்கில் ஒரு பல் மருத்துவரின் படக்கருவி வேலை செய்யவில்லை. வாய் திறந்த நோயாளி நாற்காலியில் படுத்திருக்கும்போது எழுதியிருந்தார். ஃபார்கோவில் ஒரு தேவாலயத்தின் மணியை அடிக்கும் அட்டையை கெர்னல் மறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கவில்லை. பாதிச் சபை வரவில்லை. பாதிரியார் மிகப் பணிவாக எழுதியிருந்தார்.

கர்டிஸ் அவருக்கு இரண்டே சொல்லில் பதில் போட்டான். கயிறு வாங்குங்கள்.

"பாவம்யா," என்றான் டுவேன்.

"நீ பேரு சொல்லியிருக்கணும்."

ஆரின் எப்போதும் வெளியீடு வந்த அன்றே புதிதை ஏற்றுபவன். மார்லிஸுக்கு அது தெரியும். அன்று மதியச் சாப்பாட்டை மேசையிலேயே சாப்பிட்டாள். தொலைபேசியின் ஒலியை முழுவதும் கூட்டிவைத்தாள். ஒருமுறை அடித்தது. பாய்ந்து எடுத்தாள். ஃபார்கோ பாதிரியார். எந்தத் தடிமனில் கயிறு வாங்க வேண்டும் என்று தயவுசெய்து சொல்ல முடியுமா என்று கேட்டார்.

மறுநாள் அடிக்கவில்லை. அந்த வாரம் அடிக்கவில்லை. பனி விழுந்தது. ஏரி கரையோரம் உறைந்தது. அடுத்த வாரமும் அடிக்கவில்லை.

அவன் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பான் என்று நினைத்துப் பார்த்தாள். விசையைத் தட்டுவான். ஒன்றும் வராது. கம்பியைப் பிடுங்கி மாட்டுவான். ஒன்றும் வராது. விளக்கு எரிகிறதா என்றுகூட அவனுக்குத் தெரியாது. பெட்டி சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பான். இதை நினைத்தபோது அவளுக்கு ஒரு இனிப்பு ஊறியது. நாள் போகப்போக அது குறைந்தது.

டுவேன் அவளை நேராகப் பார்ப்பதை விட்டுவிட்டான். காப்பி இயந்திரத்தின் முன் ஒருநாள் சொன்னான்.

"போய்ப் பாரேன்."

"எதை?"

"ஒண்ணுமில்ல." கோப்பை நிரம்புவதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை கர்டிஸ் அவள் மேசையில் வந்து சாய்ந்தான்.

"பேசும் பெட்டி. எத்தனை கத்தல்?"

"இல்ல."

"ஒண்ணுகூட?"

"இல்ல."

"செத்திருப்பானோ? ஹிப்பிங் கேஸ் மாதிரி? போன் போட்டுப் பாக்கட்டுமா?"

"வேண்டாம்."

"அப்ப நிரலை அழிச்சிடு. நீ எழுதினதுதானே, நீயே அழி. திங்கட்கிழமைக்குள்ள." போகும்போது திரும்பினான். "பாத்தியா, நீ சொன்னது சரிதான். யாரும் இல்ல."

மார்லிஸ் அந்த நிரல் இருந்த கோப்பைத் திரையில் திறந்தாள். முதல் வரியில் அவள் பெயர் இருந்தது. பழைய பெயர், ஆரினின் குடும்பப் பெயரோடு. மார்லிஸ் சாரெலா. மூடினாள்.

சனிக்கிழமை காலை வட்டை எடுத்துக்கொண்டு வடக்கே ஓட்டினாள்.

*

கூரைக் குழாயில் புகை இருந்தது. வாசல் பனி தள்ளப்பட்டிருந்தது. நேர்கோடாக இல்லை, ஆனால் சுத்தமாக. அவள் காரை நிறுத்துவதற்குள் கதவு திறந்தது.

"சைலன்சரை இன்னும் மாத்தலையா நீ?" என்றான் ஆரின்.

அவன் குரல். கொஞ்சம் கரகரப்பு. நினைத்ததைவிட உயரமான குரல். மார்லிஸ் படியில் நின்றாள்.

"பூட்ஸைக் கழட்டிட்டு வா. தரை ஈரமாகும்."

உள்ளே அடுப்பு எரிந்தது. மேசையில் கணினி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் எழுத்துகள் யாருக்காகவோ காத்திருந்தன. பக்கத்தில் பெட்டி. பச்சை விளக்கு எரிந்தது. சுவரோரம் இரண்டு அட்டைப்பெட்டிகள், நாடா ஒட்டிக் கட்டிவைத்திருந்தன. பயணத்துக்குக் கட்டியவை. ஒன்றின் மேல் சவரக் கருவியும் மடித்த நல்ல சட்டையும் இருந்தன.

"பெட்டி பேசலையா?" என்றாள் மார்லிஸ்.

"உனக்குத் தெரியாதா?"

"ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டேனே. ஏத்தின அன்னிக்கே. உன் நம்பருக்கு இல்ல, ஆபீஸ் நம்பருக்கு. டுவேன் எடுத்தான்." நாற்காலியைத் தடவி உட்கார்ந்தான். "என்ன மாத்தினீங்கன்னு கேட்டேன். படிச்சுக் காட்டினான். தெரிந்த பயனாளி யாரும் இல்லை. மறுபடி படின்னேன். படிச்சான். கீழ யாரு பேருன்னு கேட்டேன். பாவம், சொல்ல அவனுக்கு ரொம்ப நேரமாச்சு."

மார்லிஸ் கைப்பையைத் தோளிலிருந்து எடுத்தாள்.

"உன்கிட்ட சொல்லாதேன்னு சொன்னேன். சொன்னானா?"

"இல்ல."

"நல்ல பய. கோழை, ஆனா நல்ல பய."

அவள் கைப்பையைத் திறந்தாள். "வட்டு கொண்டாந்திருக்கேன். அரை மணி நேரத்துல சரியாயிடும்."

"பழைய கெர்னல் வட்டு அந்த டிராயர்ல இருக்கு. எனக்கும் அரை மணிதான் ஆகும்."

"அப்புறம் ஏன் இப்படியே உக்காந்திருந்த?"

"யார் முதல்ல கத்தறாங்கன்னு பாத்தேன்," என்றான் ஆரின்.

சிரித்தான். அவன் பற்கள் அவளுக்கு மறந்திருந்தன.

"நீ கத்திட்ட," என்றான். "நான் ஜெயிச்சேன்."

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. அவன் அதன் பக்கம் தலையைத் திருப்பி, சத்தம் அடங்கியதும் திரும்பினான்.

"வந்தது வந்துட்ட. உக்காரு. தபால் சேர்ந்து கிடக்கு. படி."

"பெட்டியைச் சரிபண்ணிட்டா அதுவே படிக்கும்."

"நீ படி. அதுக்குத்தானே இவ்வளவும் பண்ணின?"

மார்லிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். ஆரின் தட்டினான். அவன் விரல்கள் திரை இல்லாமலே வழி அறிந்தவை. திரையில் மின்தபால் திறந்தது. முதல் தபால் வந்தது. எரிவாயுக்காரர்கள்.

"அன்புள்ள வாடிக்கையாளரே, இந்தக் குளிர்காலத்தில்..."

"நிறுத்து. குறியெல்லாம் விட்டுட்ட. பெட்டி கமான்னா கமான்னு சொல்லும். புள்ளின்னா புள்ளின்னு சொல்லும்."

"ஆரின்."

"எனக்கு அப்படித்தான் பழக்கம். முதல்லேருந்து."

அவள் தொண்டையைச் செருமினாள்.

"அன்புள்ள வாடிக்கையாளரே கமா இந்தக் குளிர்காலத்தில் கமா தங்கள் உருளையை நிரப்ப மறவாதீர் புள்ளி."

"வேகமா."

வேகமாகப் படித்தாள்.

"மூச்சு கேக்குது. மூச்சு வேண்டாம்."

மூச்சை அடக்கிப் படித்தாள். அவன் விரல் தட்டியது. அடுத்தது. நூலகத்திலிருந்து. அடுத்தது. லெனோர், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறாயா என்று. அந்த ஞாயிறு எப்போதோ போய்விட்டிருந்தது. அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் அவன் சுவரைப் பார்த்துத் தலையசைத்தான். முன்பு அவள் படிக்கும்போது இருந்ததைப் போலவே இருந்தது. அவளுக்கு ஒரு கணம் அது பிடித்தும்விட்டது.

அடுத்ததில் நின்றாள்.

"யாரு?" என்றான்.

"ஸ்கூல்."

அவன் நிமிர்ந்தான். கைகளை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்தான். முகம் முழுவதும் மாறியது. லெனோர் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"போன்ல சொல்லுவாங்கன்னு இருந்தேன்," என்றான். "நம்பர் குடுத்திருந்தேன். ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும்... சரி, படி. படி."

தபால் பட்டியலின் ஓரம் திரையில் தெரிந்தது. அதே இடத்திலிருந்து இன்னொன்று, கீழே, பின்னால் வந்தது. அதன் தலைப்பை அவள் படித்துவிட்டாள். பணியிடம் நிரப்பப்பட்டது.

"ஆரின், முதல்ல ஒண்ணு சொல்லணும்."

"பெட்டி எதையும் முதல்ல சொல்லாது. வரிசையா படிக்கும். கமாவோட."

அவள் படித்தாள்.

"அன்புள்ள திரு சாரெலா கமா தங்களை எங்கள் கணினி ஆசிரியராக நியமிப்பதில் பெரும் மகிழ்ச்சி புள்ளி தாங்கள் வந்துபோன நாளிலிருந்து பிள்ளைகள் தங்களைப் பற்றியே கேட்கிறார்கள் புள்ளி வேறொருவரும் காத்திருப்பதால் கமா ஒன்பதாம் தேதிக்குள் சம்மதம் எழுதவும் புள்ளி."

அவன் உதடுகள் அசைந்தன. கடைசிச் சொற்களை அவளோடு சேர்த்துச் சொன்னான். பிறகு நின்றான்.

"இன்னிக்குப் பதினாலு," என்றான்.

"ஆமா."

"அஞ்சு நாள்தானே? ஒண்ணும் பெரிசில்ல. திங்கட்கிழமை காலையில போன் பண்ணிடறேன். பெட்டி கெட்டுப்போச்சுன்னா புரிஞ்சுக்குவாங்க. அவங்களுக்குப் புரியாம யாருக்குப் புரியும்?" சிரிக்கப் பார்த்தான். "பசங்க கேக்கறாங்களாம்."

அவள் கண் அடுத்த தபாலின் தலைப்பில் நின்றது.

"அடுத்தது."

அவள் பேசவில்லை. அவன் தலையைச் சாய்த்தான். அவள் இருந்த திசையில் கேட்டான்.

"அடுத்ததும் அவங்கதானா?"

"ஆமா."

"படி."

"அன்புள்ள திரு சாரெலா கமா," என்றாள். "தங்களிடமிருந்து பதில் ஏதும் வராததால் கமா தங்களுக்கு விருப்பம் இல்லை என்று எடுத்துக்கொண்டோம் புள்ளி பணியிடம் வேறொருவருக்குத் தரப்பட்டுவிட்டது புள்ளி வருங்காலத்துக்கு வாழ்த்துகள் புள்ளி."

ஆரின் அசையவில்லை. சுவரைப் பார்த்தபடி இருந்தான். அட்டைப்பெட்டிகள் இருந்த சுவர் அது.

"மறுபடி," என்றான்.

படித்தாள்.

"குரல் நடுங்குது. பெட்டிக்கு நடுங்காது. மறுபடி."

மூன்றாம் முறை நடுங்காமல் படித்தாள். எந்த மூச்சும் கேட்கவில்லை. எந்த அபிப்பிராயமும் வரவில்லை. பெட்டியைப் போலவே இருந்தது. இம்முறை அவன் திருத்தவில்லை.

அவள் திரையிலிருந்து திரும்பினாள். அவன் பக்கம் நாற்காலியை இழுத்தாள்.

"ஆரின், நான் வேணும்னேதான் உன்னோட..."

அவன் கை விசைப்பலகையின் வலது மூலைக்குப் போனது. அங்கே ஒரு விசை உண்டு. பெட்டி பேசிக்கொண்டிருக்கும்போது அதை அழுத்தினால் பாதிச் சொல்லில் வாயை மூடும். அந்த விசைக்கான நிரலையும் அவள்தான் எழுதியிருந்தாள்.

அழுத்தினான். சின்ன சத்தம் கேட்டது.

மார்லிஸ் பாதிச் சொல்லில் நிறுத்தினாள்.

ஜன்னலுக்கு வெளியே கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது. பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வட்டு அவள் மடியில் இருந்தது.

"அடுத்தது," என்றான் ஆரின்.

அவள் திரையின் பக்கம் திரும்பினாள். மூச்சை அடக்கினாள்.

"பனி தள்ளும் இயந்திரம் கமா இந்த வாரம் மட்டும் கமா பாதி விலை," என்று படித்தாள். "ஆச்சரியக்குறி."